இணக்க அமர்வில் முடித்துவிட்டதாகச் சொல்லப்படும் குற்றம் குறித்து

அனுப்புநர்:
அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.
(பாதிக்கப்பட்டவர்களின் அடையாளம் வெளிப்படக் கூடாது என்பதால், பெயர்களும் முகவரிகளும் தனி உறையில் ஒட்டி இணைக்கப்பட்டுள்ளன. மனுவில் எவர் பெயரும் இல்லை.)

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
குழந்தைகள் பாதுகாப்பு ஆணையகம்.

பொருள்: எங்கள் வழிபாட்டுச் சபையின் புதிய குழந்தைகள் விடுதிக்குக் காப்பாளராக நியமிக்கப்பட்டுள்ளவர் மீது என் மகள் அளித்த புகாரைச் சபை தனக்குள்ளேயே பேசி முடித்ததாக அறிவித்ததையும், காவல் நிலையம் அதை ஏற்றுப் புகாரைப் பதிவு செய்ய மறுத்ததையும் எதிர்த்து, வரும் முதல் தேதி விடுதி திறக்கும் முன்பே நடவடிக்கை வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இதுவரை எந்த அலுவலகத்துக்கும் புகார் எழுதியதில்லை. எங்கள் தெருவிளக்கு எரியாதபோதுகூடப் பக்கத்து வீட்டுக்காரர் எழுதிய மனுவில் கடைசி ஆளாகக் கையெழுத்துப் போட்டதோடு சரி. மருந்துச் சீட்டை இரண்டு முறை படித்த பிறகே மாத்திரையை எடுத்துக் கொடுத்துப் பழகியவன் நான். ஒரு சொல் கூடிவிடுமோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. ஆகவே நேரில் கண்டதைக் கண்டேன் என்றும், பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டேன் என்றும் பிரித்தே எழுதியிருக்கிறேன். முதல் படியை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "பணிவுடன், பணிவுடன்னு இத்தனை தடவை எழுதியிருக்கீங்களே, நாம என்ன தப்பு செஞ்சோம்? எல்லாத்தையும் அடிங்க" என்றார். அடித்துவிட்டேன். இம்மனுவில் பணிவு குறைவாகத் தோன்றினால் அது கவனக்குறைவால் நேர்ந்ததல்ல.

2. எதிர்மனுதாரர் எங்கள் சபையில் பாட்டுக் கற்றுத் தருபவர். சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் "பாட்டு அண்ணன்". நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். சபையில் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பேச்சு வந்த கையோடு அவருடைய வகுப்புக்கு அனுப்பிவிடுவது வழக்கம். குரல் நன்றாக இருக்கும் பிள்ளைகளை அவர் தனிப் பயிற்சிக்கு வரச் சொல்வார். வாத்தியங்கள் வைத்திருக்கும் பின்னறையில் அப்பயிற்சி நடக்கும். பிள்ளை தேர்வாகிவிட்டது என்று பெற்றோர் அக்கம்பக்கத்தில் இனிப்பு கொடுத்ததுண்டு. நாங்களும் கொடுத்தோம்.

3. என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்த அறையில் நடந்ததை நான் இங்கே எழுதவில்லை. அது என் கதையல்ல. அதைச் சொல்லும் உரிமை அவளுடையது. தங்கள் அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி முன்னிலையில் சொல்ல அவள் ஆயத்தமாக இருக்கிறாள். சட்டம் குற்றம் என்று சொல்வதற்கு என்ன வேண்டுமோ அது நடந்தது. ஒருமுறையல்ல என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று காவல் நிலையத்தில் கேட்டார்கள். அவள் அப்போதே சொல்லியிருக்கிறாள். சபையில் சிறுமியருக்குப் பொறுப்பாக இருந்த அம்மையாரிடம், அந்த வயதில் தனக்குத் தெரிந்த சொற்களில் சொல்லியிருக்கிறாள். அம்மையார் அவள் தலையில் கைவைத்து வேண்டிக்கொண்டு, "இதை அம்மாகிட்ட சொன்னா அம்மா மனசு உடைஞ்சு போயிடும், சரியா கண்ணு?" என்று கேட்டாராம். அடுத்த வாரம் அவளைப் பாட்டுக் குழுவின் முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு மாற்றினார்கள். சபை எடுத்த நடவடிக்கை அவ்வளவுதான். பாதிக்கப்பட்ட குழந்தைக்கு இடமாற்றம்; பாட்டு அண்ணனுக்கு அந்த ஆண்டு விழாவில் பொன்னாடை. பொன்னாடை போர்த்தியதை நான் கண்டேன். கைதட்டினவர்களில் எங்கள் வீட்டாரும் இருந்தோம். எதற்குக் கைதட்டுகிறோம் என்று எங்கள் வீட்டில் தெரிந்த ஒரே ஆள் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

4. என் மகள் இப்போது அவசர ஊர்தி அழைப்பு மையத்தில் வேலை செய்கிறாள். நாள் முழுவதும் பதறிப்போய்ப் பேசுகிறவர்களிடம் பதறாமல் பேசுவது அவள் தொழில். சென்ற மாதம் சபையில் ஓர் அறிவிப்பு வந்தது: வெளியூரில் வேலை பார்க்கும் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்காகக் கட்டிய விடுதி வரும் முதல் தேதி திறக்கப்படும், காப்பாளராகப் பாட்டு அண்ணன் அங்கேயே தங்குவார். அன்று மாலை அவள் எங்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அழவில்லை. அழைப்பு மையத்தில் பேசும் அதே குரலில் சொன்னாள். மறுநாள் சபைத் தலைவரிடம் தானே போய்ச் சொன்னாள். சபைத் தலைவர் என் மனைவியின் உடன்பிறந்த அண்ணன். அவளைத் தோளில் தூக்கி வளர்த்த தாய்மாமன். அதனால்தான் அவரிடம் போனாள்.

5. தலைவர் அவள் சொன்னதைக் காவல்துறைக்குத் தெரிவிக்கவில்லை. இணக்க அமர்வுக்கு நாள் குறித்தார். இணக்க அமர்வு என்பது எங்கள் சபையின் பழைய வழக்கம் என்பதால் சிறிது விளக்க வேண்டியிருக்கிறது. வேலித் தகராறு, வாசலை மறித்து வண்டி நிறுத்திய தகராறு, கல்யாணத்துக்கு முறையாக அழைக்கவில்லை என்ற மனத்தாங்கல் போன்றவற்றைத் தீர்க்க ஏற்பட்டது அது. இரு தரப்பும் எதிரெதிரே உட்கார வேண்டும். நடுவில் ஒரு முக்காலியில் ஒரு குவளைத் தண்ணீர். ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்த ஒரே குவளையிலிருந்து ஆளுக்குப் பாதி குடிக்க வேண்டும். குடித்துவிட்டால் விஷயம் முடிந்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசுகிறவர்தான் குற்றவாளி. வேலித் தகராறுக்கு இது நல்ல வழக்கம்தான். எங்கள் வேலித் தகராறே அப்படித்தான் தீர்ந்தது.

இதே முக்காலியையும் இதே குவளையையும் என் மகள் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள்.

6. அமர்வு வழிபாட்டுக் கூடத்தின் பின்னால் மடக்கு நாற்காலிகள் அடுக்கியிருக்கும் அறையில் நடந்தது. குடும்பத்தார் என்ற முறையில் நானும் என் மனைவியும் சுவரோரம் உட்கார அனுமதிக்கப்பட்டோம். பேசுவதற்கு அனுமதி இல்லை. அங்கே நடந்தது நான் கண்டது.

பாட்டு அண்ணன் முதலில் பேசினார். "அப்ப எனக்கும் வயசு கம்மி. என்னமோ புத்தி தடுமாறிடுச்சு. அதுக்கப்புறம் எத்தனை பிள்ளைங்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கேன், நீங்களே பாத்திருக்கீங்க. மன்னிச்சிடும்மா" என்றார். அவர் கம்மி என்று சொன்ன வயது முப்பத்தைந்து. அப்போது அவருக்கு மணமாகி, குழந்தையும் இருந்தது. அக்குழந்தைக்குப் பெயர் வைத்த விருந்தில் நான் சாப்பிட்டிருக்கிறேன்.

பிறகு தலைவர் என் மகளைப் பார்த்தார். "இப்ப நீ சொல்லும்மா."

"நான் என்ன மாமா சொல்லணும்?"

"இத்தனை வருஷம் மனசுல கசப்பை வச்சிருந்தேல்ல, அதுக்கு நீயும் மன்னிப்புக் கேட்டுடு. ரெண்டு பக்கமும் கேட்டாத்தான்மா இணக்கம்."

ஐயா, இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு நான் சிறிது நேரம் எழுந்து போய்விட்டுத் திரும்பி வந்தேன். ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை. அவர் கோபமாகச் சொல்லவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மிகுந்த கனிவோடு சொன்னார். அந்தக் கனிவைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

7. என் மகள் பாட்டு அண்ணனையும் அவர் பக்கத்திலிருந்த சபைப் பெரியவர்களையும் பார்த்து, "இந்த நிமிஷம் வேற யாராவது ஆபத்துல இருக்காங்களா?" என்று கேட்டாள். அழைப்பு மையத்தில் எவர் அழைத்தாலும் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி அது என்று பின்னால் சொன்னாள். சபைச் செயலாளர், "இது கேள்வி கேக்குற இடம் இல்லம்மா, மன்னிக்கிற இடம். கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருந்தா நல்லா முடியும்" என்றார். செயலாளர் தொழிலால் பல் மருத்துவர். பிழைப்புக்காக எல்லோரையும் வாயைத் திற என்று சொல்கிறவர், எங்களிடம் மட்டும் மூடச் சொன்னார்.

அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். குவளையைத் தொடவில்லை.

பாட்டு அண்ணன் தமது பாதியைக் குடித்தார். மீதிப் பாதி அப்படியே இருந்தது. பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது தலைவர், "பொண்ணுக்கு மனசு சரியில்ல. தாய்மாமன்ங்கிற முறையில அவ பங்கை நான் குடிச்சிடறேன்" என்று சொல்லிக் குவளையை எடுத்துக் குடித்தார். என் மனைவி "அண்ணே!" என்று கத்தியது அவர் காதில் விழுந்திருக்கும். குவளை காலியான பிறகுதான் கீழே வைத்தார். என் மகள் மன்னித்துவிட்டாள் என்பதற்குச் சபையிடம் உள்ள சான்று இதுதான்: அவளுடைய மாமாவுக்கு அன்று தாகம் எடுத்தது.

மன்னிப்பு என்று ஒன்று இருக்குமானால் அது என் மகளுடைய உடைமை. கொடுப்பதும் கொடுக்காமல் இருப்பதும் அவள் விருப்பம். ஒருவருடைய உடைமையை அவரைக் கேட்காமல் எடுத்து இன்னொருவர் கையில் கொடுப்பதற்கு நாட்டில் வேறு பெயர் உண்டு. வழிபாட்டு இடத்தில் செய்தால் அந்தப் பெயர் மாறிவிடுமா என்பதைத் தாங்களே முடிவு செய்ய வேண்டும்.

8. அந்த வார இறுதியில் முழுச் சபையும் கூடியபோது செயலாளர் எழுந்து இணக்க அறிவிப்பை வாசித்தார். வேலித் தகராறானாலும் வண்டித் தகராறானாலும் ஒரே வாசகம்தான். பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்வார்கள். பழக்க தோஷத்தில் அதே வாசகத்தை இதற்கும் வாசித்தார்: "இச்சகோதரர் இச்சகோதரிக்குத் தாம் இழைத்த தீங்கை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார், சகோதரியும் மனமுவந்து மன்னித்தார், இனி இதைப் பேசுவது சபைக்கு விரோதம்." பெயர்களையும் வாசித்தார். என் மகளின் பெயரையும்.

வாசித்து முடித்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்று அவருக்கு உறைத்தது. கூடம் முழுவதும் நிறைந்திருந்த ஆண்களும் பெண்களும் குழந்தைகளும், பாட்டு அண்ணன் என் மகளுக்குத் தீங்கு இழைத்ததையும் அதை அவரே ஒப்புக்கொண்டதையும் சபையின் ஒலிபெருக்கியிலேயே கேட்டார்கள். உடனே பாட்டைத் தொடங்கச் சொல்லித் தலைவர் கைகாட்டினார். தொடங்கிவைக்க வேண்டியவர் பாட்டு அண்ணன். அவரும் தொடங்கினார். சபை பின்பாட்டுப் பாடியது. நான் பாடவில்லை என்பதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

9. மறுநாள் நானும் மகளும் காவல் நிலையத்துக்குப் போனோம். வெகுநேரம் பெஞ்சில் உட்காரவைத்த பிறகு ஆய்வாளர் கூப்பிட்டார். புகாரைப் படித்தார். பிறகு எங்கள் முன்னாலேயே சபைத் தலைவருக்குத் தொலைபேசியில் பேசினார். பேசி முடித்து, "பெரியவங்க உக்காந்து பேசி முடிச்சிட்டாங்களாமே சார்? அப்படி ஒண்ணும் நடக்கவே இல்ல, ஏதோ மனஸ்தாபம்னு சொல்றாரு. சாமி விஷயம். நாங்க தலையிட்டா நல்லா இருக்காது" என்றார். பிறகு என் மகளிடம், "உனக்கும் ஒரு வாழ்க்கை இருக்கும்மா" என்றார். "அதுக்குத்தான் சார் வந்திருக்கேன்" என்றாள். புகார் பதிவாகவில்லை. பெற்றுக்கொண்டதற்கான ரசீதும் தரவில்லை.

நான் சட்டம் படித்தவனல்ல. தவறாக இருந்தால் திருத்தவும். குழந்தைக்கு எதிரான இக்குற்றம் இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளத் தக்கதல்ல என்றே விசாரித்த இடமெல்லாம் சொன்னார்கள். எனக்கு விளங்காதது இன்னொன்றும் உண்டு. ஒன்றும் நடக்கவில்லை என்றால் மன்னிப்பதற்கு ஒன்றுமில்லை. மன்னித்தாயிற்று என்றால் நடந்திருக்கிறது. சபைக்கு ஒன்றும் காவல் நிலையத்துக்கு ஒன்றுமாக இரண்டையும் ஒரே வாயால் சொல்கிறவரிடம், எது உண்மை என்று கேட்க ஓர் அதிகாரிக்குமா தோன்றவில்லை?

10. பேச்சை அடக்க வாசித்த அறிவிப்பு வேறொன்றைச் செய்துவிட்டது. இரண்டு நாள் கழித்து எங்கள் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். தையற்கடை வைத்திருப்பவர், இரண்டு பிள்ளைகளின் தாய். நான் கதவைத் திறந்ததும், "அங்கிள், உங்க பொண்ணு இருக்காளா?" என்று கேட்டார். பிறகு உள்ளே வராமலே, "அன்னைக்கு அதை வாசிச்சப்போ என் கையிலிருந்த பாட்டுப் புத்தகம் கீழ விழுந்துடுச்சு அங்கிள். எனக்கு மட்டும்தான் அப்படி நடந்துச்சுன்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றார். அவர்கள் இருவரும் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். பேசியதை நான் கேட்கவில்லை. அவ்வப்போது சிரிப்புச் சத்தம் கேட்டது. அது எனக்கு முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது: தனியாக இல்லை என்று தெரிந்துகொண்டவர்களின் சிரிப்பு அது. இன்னொரு பெண் தொலைபேசியில் பேசினார். அவர் என் மகளைவிட வயதில் மிக இளையவர். அதாவது, என் மகளைப் பின்வரிசைக்கு அனுப்பி நெடுநாள் கழித்தும் அந்தப் பின்னறையில் தனிப் பயிற்சி நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. இருவரும் வாக்குமூலம் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

11. இப்போது சபையில் எவரும் எங்களிடம் பேசுவதில்லை. என்னோடு தினமும் நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர் என்னைக் கண்டதும் எதிர்ப்பக்கம் போய் நடக்கிறார். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. நடந்து பழகிய பாதை, தனியாகவும் நடக்கலாம். என் மைத்துனரான சபைத் தலைவர் மட்டும் ஒருநாள் வந்தார். "மாப்பிள்ளை, நீங்க எவ்வளவு சாதுவான மனுஷன். உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு? சபை எத்தனை பேருக்குச் சோறு போடுது, எத்தனை பிள்ளைங்களைப் படிக்க வைக்குது. ஒருத்தர் பண்ண தப்புக்கு எல்லாத்தையும் தெருவுக்கு இழுக்கலாமா?" என்றார்.

என் மனைவி குறுக்கிட்டுக் கேட்டார்: "அண்ணே, உன் பேத்தியை அந்த விடுதியில சேர்ப்பியா?"

"அவளுக்கு எதுக்கு விடுதி? வீட்லதான் எல்லாரும் இருக்கோமே."

"அப்பா அம்மா வெளியூர்ல இருந்தா?"

அவர் தமது செருப்பைத் தேடத் தொடங்கினார். அது அவர் காலடியிலேயே இருந்தது.

ஐயா, சபைத் தலைவருக்கு உண்மை தெரியும் என்பதற்கு வேறு சான்று எனக்கு வேண்டாம். தம் பேத்தியை ஒப்படைக்கத் துணியாத இடத்தில் ஊரார் பிள்ளைகளை ஒப்படைக்கிறார். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் வெளியூரில் இருப்பதால் அறிவிப்பு வாசித்த அன்று கூடத்தில் இல்லை. சபையை நம்பி அனுப்புகிறார்கள். என் மகள் பேச வந்ததிலிருந்து இன்றுவரை, அவள் எப்படி இருக்கிறாள் என்று சபையில் ஒருவர் கேட்டதில்லை. சபையின் பெயர் என்னாகும் என்று கேட்காதவர் இல்லை. ஒரு குழந்தை கெட்டாலும் பெயர் கெடக் கூடாது என்பவர்கள் வேறு எதை வேண்டுமானாலும் நடத்தட்டும். குழந்தைகள் விடுதி நடத்தக் கூடாது.

12. எனவே நான் கேட்பவை:

அ) வரும் முதல் தேதிக்கு முன் எதிர்மனுதாரரைக் காப்பாளர் பொறுப்பிலிருந்தும், குழந்தைகளோடு தொடர்புள்ள எல்லாப் பணிகளிலிருந்தும் விலக்கிவைக்க உத்தரவிட வேண்டும். அவரை வேறு ஊர்க் கிளைக்கு மாற்றுகிறோம் என்று சபை சொன்னால் அதைத் தீர்வாக ஏற்கக் கூடாது. அங்கேயும் குழந்தைகள் இருப்பார்கள்.

ஆ) என் மகளின் புகாரையும் மற்ற இரு பெண்களின் புகார்களையும் பதிவு செய்யக் காவல்துறைக்கு ஆணையிட வேண்டும். விசாரணைக்கு முன்னும் பின்னும் சபைத் தலைவருக்குத் தொலைபேசியில் பேசாத அதிகாரி ஒருவரை அமர்த்த வேண்டும்.

இ) இணக்க அறிவிப்பைக் கேட்டவர்களை விசாரிக்க வேண்டும். பெயர்கள் தனி உறையில் உள்ளன. பலர் கேட்கவில்லை என்று சொல்வார்கள். ஒன்றிரண்டு பேர் சொல்ல மாட்டார்கள் என்று நம்புகிறேன். சொல்லக் கேட்டும் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் மறைத்த தலைவர், செயலாளர், அப்போதைய சிறுமியர் பொறுப்பாளர் ஆகியோரின் பொறுப்பையும் விசாரிக்க வேண்டும். தலைவர் என் மைத்துனர் என்பதற்காக இவ்வரியை அடிக்க வேண்டாம். என் மனைவிதான் சேர்க்கச் சொன்னார்.

13. கடைசியாக ஒன்று. இம்மனு தங்கள் மேசைக்கு வருவதற்குள் முதல் தேதி வந்துவிடக்கூடும். அப்படியானால், அன்று காலை என் மகளும், தையற்கடைப் பெண்ணும், என் மனைவியும், நானும் விடுதி வாசலில் நின்றுகொண்டிருப்போம். பெட்டியும் பிள்ளையுமாக வரும் ஒவ்வொரு பெற்றோரையும் நிறுத்தி, உள்ளே இருப்பவர் யார் என்று சொல்லுவோம். கூச்சல் போட மாட்டோம். எனக்குக் கூச்சல் போடத் தெரியாது. ஆனால் ஒருவரையும் சொல்லாமல் விட மாட்டோம். அது அவதூறு என்றோ பொது அமைதிக்குக் கேடு என்றோ சபை வழக்குத் தொடுக்கலாம் என்று எச்சரித்திருக்கிறார்கள். தொடுக்கட்டும். அந்த வழக்கையாவது காவல் நிலையம் பதிவு செய்யும். முதல் எதிரியாக என் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லவும். முழு முகவரியும் உறையில் இருக்கிறது.

நாங்கள் அங்கே நிற்கத் தேவையில்லாமல் செய்வது தங்கள் கையில் இருக்கிறது.

இடம்: வீட்டிலிருந்து
நாள்: 19-ஆம் தேதி, திங்கட்கிழமை

இப்படிக்கு,
(ஒப்பம்)
மனுதாரர், பாதிக்கப்பட்டவரின் தந்தை

இம்மனுவை முழுவதும் படித்தேன். இதில் உள்ளவை உண்மை. நான் எவரையும் மன்னிக்கவில்லை.
(ஒப்பம்)
மகள்

இணைப்பு: பெயர், முகவரி அடங்கிய உறை ஒன்று.
நகல்: காவல்துறை மாவட்டக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு.